பள்ளி ரோபோட்டிக்ஸ் அணியில் மாற்றுத்திறனாளி மாணவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோபோட்டிக்ஸ் அணி நடத்தும் ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாமே ஒரே எதிர்பார்ப்பிலிருந்து எழுதப்பட்டவை: அந்தப் பிள்ளை எடுத்த முடிவு ஒன்றாவது ரோபோவில் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் பெயரும் குழுப் படத்தில் முகமும் இருந்தால் போதாது.

தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கிறோம். மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தேர்வில் சலுகை தர வேண்டுமா?

சலுகையைப் பற்றி யோசிப்பதற்கு முன் தேர்வைப் பற்றி யோசியுங்கள். படத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் ஒரு வண்டியைக் கட்டச் சொல்வது பல அணிகளில் வழக்கம். அது விரலின் வேகத்தையும் கண் பார்வையையும்தான் அளக்கிறது. ரோபோட்டிக்ஸுக்கு வேண்டிய குணம் வேறு. ஓடாத ஒன்றைப் பார்த்து, ஏன் ஓடவில்லை என்று விடாமல் துருவ வேண்டும். கண்டுபிடித்ததை மற்றவருக்குப் புரியவைக்க வேண்டும். ஆகவே, நேராகப் போகாமல் இடப்பக்கம் இழுக்கும் ரோபோ ஒன்றை முன்னால் வைத்து, காரணம் என்னவாக இருக்கலாம் என்று கேளுங்கள். தொட்டுப் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும், பேசியோ எழுதியோ சைகையிலோ பதில் சொல்லட்டும். எல்லா மாணவருக்கும் இதே தேர்வை வைத்தால் யாருக்கும் சலுகை தேவைப்படாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதி ஏற்பாடுகளை மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. அதன் 24-ஆம் பிரிவு, எல்லோரையும் உள்ளடக்கிய கல்வியை உரிமையாகச் சொல்கிறது. அணியில் இடம் தருவதை யாரோ செய்யும் தயவாக நினைக்க வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் யாரிடம், என்ன கேட்பது?

மாணவரிடம் கேளுங்கள். அம்மாவும் அப்பாவும் அருகில் இருந்தாலும் கேள்வி மாணவரை நோக்கியே இருக்கட்டும். குறைபாட்டின் மருத்துவப் பெயரை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் செய்யக்கூடியது மிகக் குறைவு. பயன் தரும் கேள்விகள் வேறு: வகுப்பில் எது எளிதாக நடக்கிறது, எது சோர்வு தருகிறது? எந்தக் கருவியை ஏற்கெனவே பயன்படுத்துகிறாய்? உதவி வேண்டும்போது எப்படிச் சொல்வாய்? அணியில் யாருக்கு என்ன தெரிந்திருக்கலாம்? இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். தன்னைப் பற்றிய தகவலை யாரிடம் சொல்வது என்பது மாணவரின் முடிவு. வலிப்பு போன்றவற்றில் உடன் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டியதை மட்டும் பெற்றோருடன் பேசித் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே கேள்விகளை மாதம் ஒருமுறை மீண்டும் கேளுங்கள். புதிய பிள்ளை முதல் நாளில் "எனக்கு எதுவும் வேண்டாம் சார்" என்றுதான் சொல்லும்.

என்ன வேலை கொடுப்பது?

பெரும்பாலான அணிகள் சறுக்கும் இடம் இது. மனமுவந்து சேர்த்துக்கொள்வார்கள், பிறகு கொடி பிடிப்பது, பெட்டியை அடுக்குவது, நடுவர்கள் வரும்போது புன்னகையோடு வணக்கம் சொல்வது என்று ஏதாவது ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் ரோபோவுக்கு எந்தக் குறையும் வராது என்றால், அது வேலையே அல்ல. பிள்ளைகளுக்கு இது மிக நன்றாகத் தெரியும். பெரியவர்கள்தான் தெரியாதது போல் இருக்கிறோம்.

ஒரு ரோபோ உருவாக எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று பாருங்கள். விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்து எந்தப் பணிக்கு எத்தனை புள்ளி என்று உத்தி வகுக்க வேண்டும். கணினியில் பாகங்களை வரைய வேண்டும். உலோகத்தை வெட்டித் துளையிட வேண்டும். ஒயர் இழுக்க வேண்டும். புரோகிராம் எழுத வேண்டும், சோதனை ஓட்டங்களின் அளவுகளைக் குறிக்க வேண்டும், பேட்டரிகளைக் கவனிக்க வேண்டும். எதிரணிகளின் ஆட்டத்தை அலச வேண்டும், நடுவர்களிடம் விளக்க வேண்டும். எல்லா மாணவரையும் முதல் சில வாரங்கள் இவை எல்லாவற்றிலும் சுழற்றுங்கள். பிறகு யாருக்கு எதில் மனம் போகிறது என்று கேளுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பெண் என்றதுமே அவளைக் கணினி முன்னால் உட்கார வைத்துவிடாதீர்கள். அவளுக்குத் துளையிடும் இயந்திரத்தின் மேல் ஆசை இருக்கலாம்.

பட்டறையில் சக்கர நாற்காலிக்கு இடம் போதுமா?

அளந்து பாருங்கள். நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். நடைபாதைக்கு 90 செ.மீ.க்குக் குறையாத அகலம் வேண்டும். வேலை மேசையின் மேற்பரப்பு 71 முதல் 86 செ.மீ. உயரத்துக்குள் இருந்து, அடியில் முழங்கால் நுழைய இடமும் இருந்தால் வசதி. நின்றுகொண்டு வேலை செய்யும் மேசைகள் இதைவிட உயரமானவை. ஒரு மேசையையாவது தாழ்த்துங்கள். குள்ளமான மாணவர்களும் அங்கேதான் வந்து நிற்பார்கள். ஸ்பேனர்களையும் ஸ்க்ரூடிரைவர்களையும் உட்கார்ந்த நிலையில் கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.

இவற்றைவிட அதிகம் தொல்லை தருவது தரையில் கிடக்கும் ஒயரும் பையும்தான். காலையில் துடைத்து வைத்த பாதை மாலைக்குள் மூடிவிடும். தரையில் நாடா ஒட்டிப் பாதையைக் குறித்துவிட்டு, அதைக் காலியாக வைத்திருப்பதை அணியின் பாதுகாப்பு விதியாகவே எழுதுங்கள்.

கையில் நடுக்கம் இருக்கிறது அல்லது ஒரு கைதான் இயங்குகிறது. கட்டுமானம் செய்ய முடியுமா?

முடியும். ஒரு கை பிடிக்க, மறு கை திருக என்பதுதான் பொதுவான பழக்கம். பிடிக்கும் வேலையை மேசையில் பொருத்திய பிடிகருவியிடம் கொடுத்துவிடலாம். வழுக்காத ரப்பர் விரிப்பு, காந்த முனை ஸ்க்ரூடிரைவர், மின் ஸ்க்ரூடிரைவர், பருமனான கைப்பிடி ஆகியவை பெரிய செலவில்லாதவை. நட்சத்திரத் தலைத் திருகைவிட அறுகோணக் குழித் தலைத் திருகில் முனை நழுவுவது குறைவு. ஆகவே முடிந்த இடமெல்லாம் அதையே வடிவமைப்பில் சேர்க்கலாம். ஒரே துளையைப் பத்து முறை போட வேண்டியிருந்தால், பாகத்தை வைத்ததும் சரியான இடத்தில் நிற்கும்படி ஒரு மரச்சட்டம் செய்துகொள்ளுங்கள். எல்லோர் கையிலும் துளை ஒரே இடத்தில் விழும்.

ரோபோ ஓட்டுவதற்கும் வழி உண்டு. மாற்றுத்திறனாளிகளும் வீடியோ கேம் ஆட வசதியாக 2018-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் பெரிய பொத்தான்கள், கால் மிதி, தலையால் அழுத்தும் சுவிட்ச் என்று வெளியிலிருந்து பலவற்றை இணைக்கலாம். எந்தக் கன்ட்ரோலருக்கு அனுமதி என்பதைப் போட்டி விதிகளில் முன்கூட்டியே பாருங்கள். ஐயம் இருந்தால் அமைப்பாளருக்கு எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்திருங்கள். ஜாய்ஸ்டிக் நடுக்கத்தை மென்பொருளில் வடிகட்டுவது புரோகிராம் எழுதும் மாணவர்களுக்கு அருமையான பயிற்சி. சிறு அசைவுகளை ஒதுக்கிவிடும் எல்லையை எவ்வளவு வைப்பது என்பதை ஓட்டுநரும் அவர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

பார்வையற்ற மாணவர் ரோபோவுக்கு புரோகிராம் எழுத முடியுமா?

நன்றாகவே எழுதலாம். தடை மாணவரிடம் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. வண்ணக் கட்டங்களை இழுத்துப் பொருத்தும் முறை பெரும்பாலும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானோடு ஒத்துப்போவதில்லை. எழுத்தால் எழுதும் மொழிக்கு வந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். லெகோ ஸ்பைக் பிரைம் போன்ற கருவித்தொகுப்புகள் கட்டங்களோடு பைத்தான் மொழியையும் ஏற்கின்றன. புரோகிராம் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற மென்பொருள்கள் திரைவாசிப்பானோடு இயங்குகின்றன. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது அது. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு அல்லவா? அந்த இடைவெளியைப் பேச்சாகவோ சுரமாகவோ அறிவிக்கும் அமைப்பு என்விடிஏவிலேயே இருக்கிறது. அதை இயக்காமல் விட்டுவிட்டு "பைத்தான் இவருக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது, ரோபோ என்ன செய்கிறது என்று எப்படித் தெரியும்? ரோபோவைப் பேச வையுங்கள். சென்சார் காட்டும் அளவு கூடக் கூடச் சுரம் உயரட்டும். சுவரை நெருங்கும்போது ஒலி மாறட்டும். ஒவ்வொரு படி முடிந்ததும் வேறு வேறு ஒலி வரட்டும். களத்தின் கோடுகள் மேல் மெல்லிய கயிறு ஒட்டிய ஒரு மாதிரிக் களத்தை விரலால் தடவி, வழியைத் திட்டமிடலாம். ஒலியால் பிழை கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் பார்வையுள்ளவர்களுக்கும் பெரிய உதவி. ரோபோ ஓடும்போது அதன் திரையை யாராலும் படிக்க முடியாது. ஒலியைக் கேட்டு எந்த இடத்தில் குழம்பியது என்று எல்லோராலும் சொல்ல முடியும்.

மின் பாகங்களை உருக்கிய உலோகத்தால் இணைக்கும் சாலிடரிங் பற்றியும் கேட்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஸ்மித்-கெட்டில்வெல் கண் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பார்வையற்ற விஞ்ஞானி ஜோஷுவா மீல், "பிளைண்ட் ஆர்டுவினோ" என்ற முயற்சியின் வழியே பார்வையற்றவர்கள் மின்னணுவியல் கற்கப் பாதை போட்டார். 2021-இல் அவருக்கு மெக்கார்தர் நல்கை கிடைத்தது. பாகத்தை அசையாமல் பிடிக்கும் சட்டம், சூட்டுக்கோலுக்கு எப்போதும் ஒரே இடம், இணைப்பு சரியானால் ஒலி எழுப்பும் மீட்டர், இந்தக் கலையை அறிந்த ஒருவரின் நேரடிப் பயிற்சி ஆகியவை வேண்டும். யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொடுக்கும் வேலை இல்லை இது.

புரோகிராம் சரி. ரோபோவை ஓட்டுவதும் முடியுமா?

2011 ஜனவரி 29 அன்று அமெரிக்காவின் டேட்டோனா பந்தயப் பாதையில் மார்க் ரிக்கோபோனோ என்ற பார்வையற்றவர் ஒரு காரையே ஓட்டினார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகமும் அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பும் சேர்ந்து செய்த கார் அது. காரின் சென்சார்கள் வழியைக் கண்டன. கையுறையின் அதிர்வு எவ்வளவு திருப்ப வேண்டும் என்றும், இருக்கையின் அதிர்வு எவ்வளவு வேகம் வேண்டும் என்றும் உணர்த்தின. முடிவெடுத்து ஸ்டியரிங்கைத் திருப்பியது அவர் கை. எதிரே போட்ட பெட்டிகளையும் விலக்கிக்கொண்டு போனார்.

பள்ளி அணிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். பல கன்ட்ரோலர்களில் அதிரும் மோட்டார் ஏற்கெனவே இருக்கிறது. தூர சென்சாரின் அளவை அதற்கு இணைக்கலாம். "இலக்கை நோக்கித் திரும்பு" என்பதை ஒரே பொத்தானுக்குள் புரோகிராமாக அடக்கலாம். பக்கத்தில் நிற்பவர் "இரண்டு மணிப் பக்கம்" என்பது போலக் கடிகார எண்களால் திசை சொல்லலாம். ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற பிள்ளைகளுக்கான ரோபோ போட்டியின் வழக்கமான இரண்டரை நிமிட ஆட்டத்தில் ரோபோ தானாகவே இயங்க வேண்டும் என்பதால் அங்கே ஓட்டுநர் என்ற பணியே இல்லை.

காது கேளாத மாணவர் கூட்டங்களில் பின்தங்கிவிடுகிறார். என்ன செய்வது?

கூட்டம் நடத்தும் முறையை மாற்ற வேண்டும். ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவர் பேசட்டும். பேசுபவர் கையை உயர்த்தட்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். சைகை மொழிபெயர்ப்பாளரையும் உங்கள் கையிலிருக்கும் மோட்டாரையும் ஒரே நேரத்தில் பார்க்க யாராலும் முடியாது. ஆகவே முதலில் சொல்லுங்கள், நிறுத்துங்கள், பிறகு செய்து காட்டுங்கள். கியர், என்கோடர், சேஸி போன்ற சொற்களுக்கு எல்லோரும் அறிந்த சைகை இல்லாமல் போகலாம். அந்த மாணவர் தலைமையில் அணியே சைகைகளை முடிவு செய்து எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அந்தப் பட்டியலை முந்தைய நாளே கொடுங்கள். தொலைபேசியில் பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் உதவும், ஆனால் தொழில்நுட்பச் சொற்களில் அவை அடிக்கடி தடுமாறும். முடிவுகளை யாராவது எழுதி ஒட்டியே ஆக வேண்டும்.

ஆட்டக் களத்தின் இரைச்சலில் கேட்கும் திறன் உள்ளவர்களுக்கும் கத்துவது கேட்காது. கைச் சைகையில் பேசப் பழகிய அணிக்கு அங்கே கை ஓங்கியிருக்கும். காதினுள் பொருத்தும் காக்லியர் கருவியில் காந்தம் இருக்கிறது என்பதால், வலுவான காந்தங்களோடு வேலை செய்யும் முன் மருத்துவக் குழுவிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆட்டிசம் உள்ள மாணவருக்குப் போட்டி அரங்கின் கூச்சல் தாங்காதே?

பலருக்குத் தாங்காதுதான், அதை மதியுங்கள். எட்டு மணி நேரம் கேட்கக்கூடிய ஒலிக்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. இசையும் ஆரவாரமும் மிகுந்த அரங்குகள் இதை எளிதில் தாண்டும். காதுக் கவசத்தை எல்லோருக்கும் வாங்குங்கள். ஒருவர் மட்டும் தனித்துத் தெரிய மாட்டார்.

முந்தைய நாள் அரங்கு காலியாக இருக்கும்போது கூட்டிச் சென்று காட்ட அனுமதி கேளுங்கள். அன்றைய நிகழ்வுகளை நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். தாமதமானால் என்ன நடக்கும் என்பதையும் அதில் சேருங்கள். அமைதியான ஒரு மூலையை முன்பே தேடி வையுங்கள். அங்கே போக அனுமதி கேட்கத் தேவையில்லை, ஓர் அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

பட்டறையில் தெளிவான சொற்கள் வேண்டும். "கொஞ்சம் இறுக்கு" என்பது எவ்வளவு? "நட்டு தொடும்வரை விரலால் திருகு, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று" என்று சொன்னால் எவருக்கும் புரியும்.

நிறக்குருடு உள்ள மாணவர்கள்?

வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. மற்ற இனக்குழுக்களிலும் இது அரிதல்ல. ஒயர்களில் நிறத்தோடு எழுத்துச் சீட்டும் ஒட்டுங்கள். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு என்பதற்குப் பதில் நிலையாக எரிவது, விட்டுவிட்டு எரிவது என்று மாற்றுங்கள். மின்தடையத்தின் வண்ணப் பட்டைகளை நம்பாமல் மீட்டரில் அளக்கட்டும்.

வாசிப்பதும் எழுதுவதும் கடினம் என்றால் பொறியியல் குறிப்பேடு?

அணி தன் வடிவமைப்பைப் பதிவு செய்யும் இந்தக் குறிப்பேடு சிந்தனையைக் காட்ட வேண்டும், கையெழுத்தை அல்ல. படம், ஒலிப்பதிவு, காணொளி என எந்த வடிவில் சொன்னாலும் பதிவாகும். இன்னொருவர் அதை எழுத்தாக்கலாம், சொன்னவர் பெயரோடு.

அறிவுசார் குறைபாடு உள்ள மாணவருக்கு இது மிகக் கடினமல்லவா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2015-இல் "யூனிஃபைடு ரோபோட்டிக்ஸ்" தொடங்கியது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் இணையாகச் சேர்ந்து சிறு ரோபோக்களைக் கட்டிப் போட்டியிடுகிறார்கள். அப்படித் தனி நிகழ்ச்சி இருந்தால் நல்லது; வழக்கமான அணியிலும் இடம் உண்டு.

உதாரணத்துக்கு, பேட்டரிப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாக ஏறிய 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, அளந்து, எழுதி, அணி வகுத்த அளவுக்குக் கீழே இருப்பதைத் திருப்பி அனுப்புவது ஒரு மாணவரின் முழுப் பொறுப்பாக இருக்கட்டும். அவர் "வேண்டாம்" என்றால் அந்த பேட்டரி ரோபோவில் ஏறக் கூடாது, அணித் தலைவரே கேட்டாலும். அந்த அதிகாரத்தைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுத்தால் பயனில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு புகைப்படம் என்ற முறையில் செய்முறை அட்டை தயாரித்து, அதைச் சரிபார்ப்பதையும் அவரிடமே விடுங்கள். பழகிய பிறகு அடுத்த வேலைக்கு நகர்த்துங்கள். ஆண்டு முழுவதும் ஒன்றிலேயே நிறுத்திவிடாதீர்கள்.

இயந்திரங்கள் ஆபத்தானவை. பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

எல்லா மாணவருக்கும் பொறுப்பேற்கும் அதே பெரியவர்கள்தான். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் என்ன ஆபத்து, அதை எப்படித் தடுப்பது என்று எழுதுங்கள். பிறகு இந்த மாணவருக்கு எது மாற வேண்டும் என்று பாருங்கள். காது கேளாதவருக்கு எச்சரிக்கை விளக்கு வேண்டும். பார்வையற்றவருக்குத் தொட்டு அறியும் அடையாளமும், இயந்திரத்தை நிறுத்தி வைத்துக் கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். ஒளியால் வலிப்பு தூண்டப்படக்கூடியவர் இருந்தால், வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் விளக்கு எதையும் ரோபோவில் வைக்காதீர்கள். ஒரு வேலை உண்மையிலேயே பாதுகாப்பற்றது என்றால் அதை நேராகச் சொல்லி, அதே அளவு கனமுள்ள வேறு வேலையைத் தாருங்கள்.

வேகம் குறைந்து, அணி தோற்றுவிடாதா?

சில நாட்கள் வேகம் குறையும். மொழிபெயர்ப்புக்கும் ஓய்வுக்கும் நேரம் போகும். அதைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டு ஒட்டிய ஒயரும் எழுதி வைத்த முடிவும் செய்முறை அட்டையும், ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு நேரும் தவறுகளைக் குறைக்கும். வெற்றி கிடைக்கும் என்று உறுதி தர மாட்டேன். பள்ளியின் பணத்தில் நடக்கும் அணி அந்தப் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்று மற்ற பெற்றோரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

சக மாணவர்கள் அன்பு மிகுதியால் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுகிறார்கள்.

கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கிச் செய்து முடிப்பது அன்பாகத் தெரிந்தாலும், கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பறிக்கிறது. "கேட்காமல் யார் கருவியையும் யார் பாகத்தையும் தொடக் கூடாது" என்பதை எல்லோருக்குமான விதியாக வையுங்கள். சக்கர நாற்காலியும் வெள்ளைக் கோலும் அதில் அடங்கும். உதவியாளர் உடன் வந்தால் அவரிடமும் இதைப் பேசுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் கருவியை அணியின் திட்டமாக எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அணியிலுள்ள மாற்றுத்திறனாளி மாணவர் அதை விரும்பினால் மட்டும். அவருக்குக் கால்பந்து ரோபோ செய்ய ஆசை இருக்கலாம். தன் உடலைப் பள்ளிக்கு விளக்கும் பணியை அவர் தலையில் கட்டாதீர்கள். விரும்பினால் முன்னோடிகளைக் காட்டுங்கள். பதினான்கு வயதில் பார்வை இழந்த ஜப்பானிய விஞ்ஞானி சியெகோ அசகாவா, பார்வையற்றவரை வழிநடத்தும் பெட்டி வடிவ ரோபோவை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்குகிறார். சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழகம் 2016-இல் தொடங்கிய சைபத்லான் போட்டியில், இயந்திரக் கை கால்களையும் மின் சக்கர நாற்காலிகளையும் மாற்றுத்திறனாளிகளே இயக்கிப் போட்டியிட்டிருக்கிறார்கள். உங்கள் திட்டத்திலும் பயன்படுத்தப் போகிறவர் முதல் வரைபடத்தின்போதே மேசையில் இருக்க வேண்டும். கருவி முடிந்த பிறகு அழைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். அவர் "இது எனக்குப் பயன்படாது" என்று சொன்னால், அதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி, அடுத்த வடிவமைப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.